நிறுத்தப்பட்ட காசோலையும் கொடுத்த சொல்லும்

காசோலை பணம் அல்ல. வாடிக்கையாளர் தம் வங்கிக்கு எழுதும் ஆணை அது. 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் தன் 6ஆம் பிரிவில், குறிப்பிட்ட ஒரு வங்கியின்மீது எழுதப்பட்டு, கேட்டவுடன் பணம் தரப்பட வேண்டிய மாற்றுச்சீட்டு என்று காசோலையை வரையறுக்கிறது. ஆணையிட்டவர் அது நிறைவேறும் முன் அதைத் திரும்பப் பெறலாம். வங்கி வழக்கில் இதற்கு ஸ்டாப் பேமென்ட் என்று பெயர். ஆனால் அந்தத் தாள் இதற்குள் இன்னொருவர் கைக்குப் போயிருக்கும். அவருக்கு அது 'இன்ன தேதியில் இவ்வளவு தருகிறேன்' என்ற வாக்கு. ஒரே கையெழுத்து வங்கிக்கு ஆணையாகவும் பெறுநருக்கு வாக்காகவும் நிற்கிறது. ஆணையைத் திரும்பப் பெற்றால் வாக்கும் திரும்பி வந்துவிடுமா? வராது என்றால், வாக்கு முறிவது தன் வழியாகத்தான் என்று தெரிந்தும் கீழ்ப்படியும் வங்கிக்கு அந்தப் பழியில் பங்கு உண்டா? முதல் கேள்விக்குச் சட்டம் நேராகவே விடை சொல்கிறது. இரண்டாவதற்கும் சட்டத்தில் விடை இருக்கிறது, ஆனால் அந்த விடைக்குக் கீழே ஒரு அறநிலைப்பாடு மறைந்திருக்கிறது.

இந்தக் கேள்வி அன்றாடம் எழும் இடங்களில் ஒன்று ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் வட்டாரம். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1990களின் பிற்பகுதியில் கார் உற்பத்தியைத் தொடங்கியது. அதன் பின் ஒரகடத்தில் ரெனோ நிசான், டைம்லர், அப்போலோ டயர்ஸ், ராயல் என்ஃபீல்டு என்று ஆலைகள் வரிசையாக எழுந்தன. இந்த ஆலைகளுக்கும் அவற்றின் முதல் அடுக்கு வெண்டர்களுக்கும் இடையே பணம் மின்னணு வழியில் போகிறது. அடுக்குகளில் கீழே இறங்க இறங்கக் காசோலையின் முகம் தெரியத் தொடங்கும். பிரஸ் ஷாப் வைத்திருப்பவர் இரும்புத் தகடு வியாபாரிக்குக் கொடுக்கும் பின்தேதிக் காசோலை, டூல் ரூமுக்கு அச்சு செய்ய அளிக்கும் முன்பணக் காசோலை, லேபர் கான்ட்ராக்டருக்கான மாதக் காசோலை, இயந்திரக் கடனுக்குப் பிணையாகக் கையெழுத்திட்டுக் கொடுத்த வெற்றுக் காசோலை எல்லாம் அங்கேதான் புழங்குகின்றன. வந்த சரக்கில் பாதி ரிஜெக்‌ஷன் என்று தரப் பரிசோதகர் எழுதிவிட்டால், காசோலை கொடுத்தவர் முதலில் போன் போடுவது வக்கீலுக்கு அல்ல, வங்கிக்கு.

அப்போது வங்கி என்ன செய்ய வேண்டும்? இங்கிலாந்தின் 1882ஆம் ஆண்டு மாற்றுச்சீட்டுச் சட்டம், 75ஆம் பிரிவில், வாடிக்கையாளர் நிறுத்தச் சொன்னதும் பணம் கொடுக்கும் கடமையும் அதிகாரமும் வங்கிக்கு இல்லாமற்போகும் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. அதற்கு ஓராண்டு முன் வந்த இந்தியச் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு இல்லை. இங்கே அந்தக் கடமையை இரண்டு இடங்களிலிருந்து சேர்த்தெடுக்க வேண்டியிருக்கிறது. முதலாவது, மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 31ஆம் பிரிவு. கணக்கில் போதிய பணம் இருந்து, முறைப்படி கேட்கப்பட்டால் வங்கி கொடுத்தே ஆக வேண்டும். தவறினால் காசோலை எழுதியவருக்கு ஏற்படும் நட்டத்தை ஈடுசெய்ய வேண்டும். நட்ட ஈடு எழுதியவருக்குத்தான், பெறுநருக்கு இல்லை என்பது இங்கே கவனிக்க வேண்டியது. கையில் காசோலையோடு நிற்பவருக்கும் அந்த வங்கிக்கும் இடையே சட்ட உறவே கிடையாது. இரண்டாவது, 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தில் முகவர் பற்றிய பிரிவுகள். காசோலையைப் பொறுத்தவரை வங்கி வாடிக்கையாளரின் முகவர். முகவருக்குத் தந்த அதிகாரத்தை, அதை அவர் பயன்படுத்தும் முன் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்கிறது 203ஆம் பிரிவு. பயன்படுத்திய பின், ஏற்கெனவே நடந்த செயல்களைப் பொறுத்தவரை திரும்பப் பெற முடியாது என்கிறது 204. திரும்பப் பெற்ற செய்தி முகவருக்குத் தெரியவரும்வரை அவரைப் பொறுத்து அது செல்லாது என்கிறது 208. ஸ்டாப் பேமென்ட் குறித்த சட்டம் முழுவதும் இந்த மூன்று வாக்கியங்களுக்குள் அடங்கும் என்றால் பெரிய மிகையில்லை.

'தெரியவருதல்' என்பதன் கூர்மையை 1908இல் லண்டனில் தீர்ப்பான ஒரு வழக்கு காட்டியது. குதிரை வாங்கக் காசோலை கொடுத்த ஒருவர், குதிரை வராததால் பணத்தை நிறுத்தும்படி வங்கிக்குத் தந்தி அடித்தார். தந்தி வங்கியின் அஞ்சல் பெட்டியில் விழுந்தது. ஊழியர்கள் அதை உரிய நேரத்தில் எடுத்துப் பார்க்கவில்லை. அதற்குள் பணம் போய்விட்டது. பெட்டியில் விழுந்ததை வைத்து வங்கிக்குத் தெரிந்துவிட்டதாகக் கொள்ள முடியாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. பெட்டியைத் திறக்காத அலட்சியத்துக்காக வேறு வழக்குப் போடலாம், ஆணை நிறுத்தப்பட்டதாகச் சொல்ல முடியாது. 1926இல் பிரபுக்கள் சபை இன்னொரு பக்கத்தைத் தெளிவாக்கியது. வாடிக்கையாளர் தந்தியில் தவறான காசோலை எண்ணைக் கொடுத்திருந்தார். வேறு விவரங்கள் பொருந்தினாலும், காசோலைக்கு உறுதியான அடையாளம் எண்தான். எண்ணை நம்பிய வங்கிமேல் குற்றமில்லை.

இவற்றிலிருந்து வங்கியின் கடமை உருத் திரள்கிறது. நிறுத்தும் ஆணை கணக்கு வைத்திருப்பவரிடமிருந்து வர வேண்டும். காசோலையைத் தொலைத்த பெறுநர் வங்கிக்குத் தகவல் சொல்லலாம், ஆணையிட முடியாது. கூட்டுக் கணக்கில் ஒருவர் நிறுத்தச் சொன்னாலே வங்கி நிறுத்திவிடும், அந்த நிறுத்தத்தை நீக்கத்தான் எல்லோரும் கையெழுத்திட வேண்டும் என்பது பரவலான நடைமுறை. ஐயம் வந்தால் பணம் நிற்கும் பக்கம் சாய்வதே வங்கிகளின் இயல்பு. எண், தேதி, தொகை, பெறுநர் பெயர் ஆகியவை தெளிவாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் வங்கி தற்காலிகமாக எச்சரிக்கையாக இருக்கலாம், ஆனால் எழுத்திலோ வங்கியின் செயலி வழியாகவோ உறுதி கேட்கும். ஆணை கிடைத்ததும் கணக்கில் உடனே பதிந்துவிட வேண்டும். பதிந்த பின்னும் பணம் போனால், அது வங்கியின் பணம்தான். வாடிக்கையாளர் கணக்கில் அதைப் பற்று எழுத உரிமை இல்லை, எழுதியிருந்தால் திரும்ப வரவு வைக்க வேண்டும். அப்படி எழுதிய பற்றால் கணக்கு வறண்டு, வேறு நல்ல காசோலைகளும் திரும்பியிருந்தால் அந்த நட்டமும் வங்கியின் தலையில்தான். வங்கி வழிக்கு வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த ஒம்புட்ஸ்மன் திட்டமும் நுகர்வோர் ஆணையமும் இருக்கின்றன.

நேரம் இப்போது சுருங்கிவிட்டது. ஒரு காலத்தில் காசோலை ஊர் ஊராகத் தபாலில் பயணம் போகும். நிறுத்த நினைப்பவருக்கு நாள் கணக்கில் அவகாசம் இருந்தது. காசோலையின் படத்தை மட்டும் அனுப்பும் முறை சென்னை வட்டாரத்துக்கு 2011இல் வந்த பின் தாள் வாங்கிய வங்கியிலேயே தங்கிவிடுகிறது. 2025 அக்டோபர் 4 முதல் படங்கள் பகல் வேளையில் தொடர்ச்சியாகப் போகின்றன. பணம் கொடுக்க வேண்டிய வங்கி மாலை 7 மணிக்குள் ஏற்பதாகவோ மறுப்பதாகவோ சொல்ல வேண்டும். ஒன்றும் சொல்லாவிட்டால் ஏற்றதாகவே கொள்ளப்படும். ஒரகடத்தில் காலையில் கொடுத்த காசோலையை மறுநாள் யோசித்து நிறுத்தலாம் என்று இருப்பவருக்கு இனி நேரமில்லை. வங்கியின் மௌனமே சம்மதம் என்றாகிவிட்டதால், நிறுத்தும் ஆணையை உடனே பதியும் கடமையும் அதே அளவுக்குக் கடுமையாகிவிட்டது.

இனி அறக் கேள்விக்கு வரலாம். நிறுத்தச் சொல்லும் வாடிக்கையாளரிடம் வங்கி காரணம் கேட்கலாம், படிவத்தில் அதற்கு ஓர் இடமும் இருக்கும். ஆனால் அந்தக் காரணம் நியாயமா என்று பார்த்து, நியாயமில்லை என்று முடிவுசெய்து, ஆணையை மறுக்க வங்கிக்கு உரிமை கிடையாது. சரக்கு உண்மையில் கெட்டதா, கடன்காரரை ஏய்க்கப் போடும் சாக்கா என்று பிரஸ் ஷாப் கணக்கை நடத்தும் கிளை மேலாளருக்கு நன்றாகவே தெரிந்திருக்கலாம். இரண்டு தரப்பும் அவர் கிளையிலேயே கணக்கு வைத்திருக்கலாம். ஆனாலும் அவர் அந்த அறிவைப் பயன்படுத்தக் கூடாது. தெரிந்த உண்மையைப் பயன்படுத்தாமலிருப்பதே கடமை என்று ஒரு தொழில் சொல்வது விசித்திரமாகத் தோன்றும்.

இதை நியாயப்படுத்த வழக்கமாகச் சொல்லும் காரணம் வசதி: ஒவ்வொரு காசோலைக்கும் வங்கி நீதிபதியாக முடியாது என்பார்கள். அது சரிதான், ஆனால் போதாது. முடியும் என்றாலும் கூடாது என்பதே வலுவான காரணம். ஒருவருடைய வாக்கைக் காப்பாற்றும் பொறுப்பை அவர் அனுமதியின்றி இன்னொருவர் எடுத்துக்கொண்டால், வாக்கு அவருடையதாக இருப்பது நின்றுவிடும். வங்கி தன் மனசாட்சிப்படி பணத்தைக் கொடுத்துவிட்டால் பெறுநருக்கு நன்மை நடந்திருக்கலாம். ஆனால் வாக்கைக் காத்தவர் என்ற பெயர் வாடிக்கையாளருக்குச் சேராது, முறித்தவர் என்ற பொறுப்பும் சேராது. அவர் வெறும் கணக்கு எண்ணாக மிஞ்சுவார்.

நம் புராணங்களில் இதற்கு அசாதாரணமாகப் பொருந்தும் காட்சி ஒன்று இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் அமைந்த அதே காஞ்சிபுரம் மாவட்டத்தில், காஞ்சி உலகளந்த பெருமாள் கோயில் மூலவராக அந்தக் கதையின் முடிவு வானளாவ நிற்கிறது. வாமனனுக்கு மூன்றடி மண் தருவதாக மன்னன் மாவலி சொல்லிவிட்டான். வந்தவன் யார் என்று குலகுரு சுக்கிராசாரியார் கண்டுகொண்டார். சொன்ன சொல்லை விட்டுவிடு என்று மன்னனுக்கு அறிவுரை சொன்னார். பாகவதத்தின் எட்டாம் ஸ்கந்தத்தில் அவர் வைக்கும் வாதம் எளிதில் தள்ளக்கூடியது அல்ல. தன் வாழ்வாதாரத்தையே அழிக்கும் கொடை கொடையாகாது என்கிறார், சில சூழல்களில் பொய் நிந்திக்கப்படாது என்று பட்டியலும் தருகிறார். மாவலி கேட்கவில்லை. கம்பனும் பாலகாண்டத்தின் வேள்விப் படலத்தில் இந்த உரையாடலுக்கு இடம் கொடுத்து, குருவுக்கு மன்னன் சொல்லும் மறுமொழியை விரித்திருக்கிறார்.

நாட்டு வழக்கில் வளர்ந்த அடுத்த காட்சிதான் இங்கே முக்கியம். தாரை வார்த்தால்தான் தானம் முழுமையாகும். வாயால் சொன்னது வாக்கு மட்டும், கையில் நீர் விழும்போதுதான் பொருள் கைமாறுகிறது. சுக்கிரர் வண்டாக உருவெடுத்துக் கமண்டலத்தின் மூக்கில் போய் அடைத்துக்கொண்டார். நீர் வரவில்லை. வாமனன் தர்ப்பையால் குத்த, குருவின் ஒரு கண் போயிற்று, நீரும் விழுந்தது. சொல்லுக்கும் நீருக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது, அதற்குள் நிறுத்தினால் நிறுத்தியதுதான் என்பதைக் கதை மறைமுகமாக ஒப்புக்கொள்கிறது. நீர் விழுந்த பின் சுக்கிரரும் ஒன்றும் செய்ய முடியாது. ஒப்பந்தச் சட்டத்தின் 204ஆம் பிரிவு சொல்வதும் அதே கணக்கு. ஆனால் சுக்கிரர் கண்ணை இழந்ததற்கு நேரம் காரணம் இல்லை. நிறுத்தும் ஆணை மாவலியிடமிருந்து வரவில்லை என்பதுதான் காரணம். கொடுப்பவன் கொடுக்கச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, நீர் ஓடும் வழியில் இருந்தவர் தம் அறிவால் அதை அடைத்தார். அவர் அறிவு சரியானதாகவே இருந்தது. மாவலிக்கு நடக்கப் போவது இன்னது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்திருந்தும் அவருக்கு அந்த உரிமை இல்லை.

இதே அளவுகோலைத் திருப்பிப் பிடித்தால், மாவலி நிறுத்தச் சொல்லியிருந்தால் கமண்டலம் ஏந்தியவர் ஊற்றியிருக்கக் கூடாது. வாக்கு முறிந்த பழி மாவலியைச் சேரும், ஏந்தியவரை அல்ல. வங்கி இருக்குமிடம் அந்தக் கமண்டலம் ஏந்திய கை.

எல்லா நாடுகளும் இப்படி நினைக்கவில்லை. 1931ஆம் ஆண்டு ஜெனீவா மாநாட்டில் உருவான காசோலை பற்றிய ஒருமுகச் சட்டத்தின்படி, காசோலையை வங்கியில் கொடுக்கக் குறிக்கப்பட்ட காலம் முடியும்வரை நிறுத்தும் ஆணைக்குப் பலன் கிடையாது. பிரான்ஸில் இன்னும் கடுமை: காசோலை தொலைந்துபோனாலோ, திருடு போனாலோ, மோசடியாகப் பயன்படுத்தப்பட்டாலோ, வைத்திருப்பவர் திவால் நடவடிக்கையில் இருந்தாலோ தவிர நிறுத்த முடியாது. சரக்கு சரியில்லை என்பதெல்லாம் அங்கே காரணமே ஆகாது. பிரெஞ்சுச் சிந்தனையில் காசோலை எழுதிக் கொடுத்த கணத்திலேயே நீர் விழுந்துவிடுகிறது. கணக்கில் உள்ள அந்தப் பணம் அப்போதே பெறுநருடையதாகிவிடுகிறது. இந்தியாவும் இங்கிலாந்தும் சேர்ந்த மரபில் வங்கி பணம் கொடுக்கும்வரை அது எழுதியவருடையது. பிரெஞ்சு முறை பெறுநருக்குப் பாதுகாப்பு, இந்திய முறை எழுதியவருக்குச் சுதந்திரம். கெட்ட சரக்கை ஒரகடத்து ஷெட்டில் இறக்கிவிட்டு மறைந்துபோன வியாபாரியை நினைத்தால் இந்திய முறை நல்லது என்று தோன்றும். சம்பளம் கொடுக்க அந்தக் காசோலையையே நம்பியிருந்த லேபர் கான்ட்ராக்டரை நினைத்தால் பிரெஞ்சு முறை நல்லது என்று தோன்றும்.

பழைய இந்திய நீதிநூல்கள் மூன்றாவது வழி ஒன்றைப் பிடித்தன. கொடுத்ததைத் திரும்பப் பெறுதலும், விற்றதையும் வாங்கியதையும் எண்ணி வருந்துதலும் மனு வகுத்த பதினெட்டு வழக்குத் தலைப்புகளில் இரண்டு. அர்த்தசாஸ்திரத்தின் மூன்றாம் அதிகரணம் வருந்துவதற்கு நாள் குறிக்கிறது: வணிகர்களுக்கு ஓர் இரவு, உழவர்களுக்கு மூன்று, மாடு மேய்ப்பவர்களுக்கு ஐந்து. வணிகனுக்குத்தான் குறைந்த அவகாசம். பொருளைப் பார்த்தறியும் திறன் அவன் தொழில் என்பதால் இருக்கலாம். மனம் மாறுவது குற்றமில்லை, காலம் கடந்து மாறுவதுதான் குற்றம் என்ற இந்தப் பார்வை இன்றைய சட்டத்தில் வேறு பெயரில் உயிரோடிருக்கிறது. 2006ஆம் ஆண்டின் சிறு, குறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, சரக்கு வந்து சேர்ந்த 15 நாட்களுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால் வாங்கியவர் அதை ஏற்றதாகவே கருதப்படும். ஏற்ற பின் எந்த ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாட்களைத் தாண்டிப் பணத்தை இழுத்தடிக்க முடியாது. தாண்டினால், விற்றவர் குறு அல்லது சிறு நிறுவனமாக இருக்கும் பட்சத்தில், வங்கி விகிதத்தின் மூன்று மடங்கில் மாதாமாதக் கூட்டு வட்டி உண்டு. ஆட்சேபம் எழுதாமலேயே காசோலையை மட்டும் நிறுத்துபவர் வங்கியிடம் வெற்றி பெற்றுவிட்டு விற்றவரிடம் வழக்கைத் தோற்கத் தயாராகிறார்.

ஏனென்றால் ஆணை திரும்பினாலும் கடன் திரும்புவதில்லை. இதை நிலைநாட்ட உச்ச நீதிமன்றத்துக்குச் சில ஆண்டுகள் பிடித்தன. பணம் இல்லாமல் காசோலை திரும்பினால் குற்றம் என்று சொல்லும் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவு 1989 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் சொற்கள் 'போதிய பணமின்மை' பற்றியவை. நிறுத்தச் சொன்னால் அந்தக் கூண்டுக்குள் சிக்க வேண்டியதில்லை என்று பலர் நினைத்தார்கள். 1996இல் எலக்ட்ரானிக்ஸ் டிரேட் அண்ட் டெக்னாலஜி வழக்கில், காசோலையை வங்கியில் போட வேண்டாம் என்று பெறுநருக்கு முன்னரே சொல்லியிருந்தால் குற்றமாகாது என்ற பொருளில் வந்த தீர்ப்பு அந்த நினைப்புக்கு உரமிட்டது. அது நிலைத்திருந்தால் 138ஆம் பிரிவு செத்துப்போயிருக்கும். யார்தான் கடைசி நிமிடத்தில் ஒரு போன் போட்டிருக்க மாட்டார்கள்? 1998இல் மோடி சிமென்ட்ஸ் வழக்கில் நீதிமன்றம் தன்னையே திருத்திக்கொண்டது. நிறுத்தியதாலேயே குற்றத்திலிருந்து தப்ப முடியாது என்றது. 2001 நவம்பரில் தீர்ப்பான எம்.எம்.டி.சி. வழக்கு நடுநிலையைக் கண்டது. கணக்கில் போதிய பணம் இருந்தது, நிறுத்தியது வேறு உண்மையான காரணத்தால், கொடுக்க வேண்டிய கடனே இருக்கவில்லை என்று எழுதியவர் நிரூபித்தால் குற்றமில்லை. நிரூபிக்கும் பாரம் அவருடையது. 2003இல் கோவாபிளாஸ்ட் வழக்கு பின்தேதிக் காசோலையை அந்தத் தேதிக்கு முன்பே நிறுத்துவதையும் இதே வளையத்துக்குள் கொண்டுவந்தது. 2010இல் ரங்கப்பா வழக்கில் 'எழுதியவர் நிறுத்தினார்' என்றே திரும்பிய காசோலையை வைத்து, காசோலை கடனுக்காகவே கொடுக்கப்பட்டது என்ற 139ஆம் பிரிவின் அனுமானம் சட்டப்படியான கடன் இருந்ததையும் உள்ளடக்கும் என்று மூன்று நீதிபதிகள் அமர்வு கூறியது.

2014இல் வந்த இண்டஸ் ஏர்வேஸ் தீர்ப்பு தொழில் வட்டாரத்துக்கு நெருக்கமானது. விமான உதிரிபாகங்களுக்கான ஆர்டருக்கு முன்பணமாகப் பின்தேதிக் காசோலைகள் கொடுக்கப்பட்டு, ஆர்டர் ரத்தானது. சரக்கே கைமாறாதபோது காசோலையின் பின்னால் கடன் இல்லை. சிவில் வழக்கு இருக்கலாம், குற்றம் இல்லை என்றது நீதிமன்றம். டூல் ரூமுக்கு முன்பணக் காசோலை கொடுத்தவருக்கும், தகடு வந்து இறங்கிய பின் காசோலையை நிறுத்தியவருக்கும் நடுவே இந்தத் தீர்ப்பு ஒரு கோடு கிழிக்கிறது. முதலாமவர் சொன்ன சொல்லை மட்டும் மாற்றினார். இரண்டாமவர் பெற்றுக்கொண்ட பொருளுக்கு விலை தர மறுத்தார். குற்றவியல் சட்டம் இரண்டாமவரைத்தான் தேடுகிறது.

இந்த நடவடிக்கையில் வங்கிக்குச் சாட்சியின் பங்கு மட்டும்தான். காசோலையோடு திரும்பும் மெமோவே, 146ஆம் பிரிவின்படி, அது மதிப்பிழந்ததற்கு முதல்நிலைச் சான்று. பெறுநர் அந்தத் தகவல் வந்த 30 நாட்களுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாட்களுக்குள் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் புகார் செய்ய வேண்டும். 2015 திருத்தத்துக்குப் பின், பெறுநர் கணக்கு வைத்திருக்கும் கிளை எங்கிருக்கிறதோ அந்த எல்லைக்குட்பட்ட நீதிமன்றமே விசாரிக்கும். ஸ்ரீபெரும்புதூரில் கணக்கு வைத்திருக்கும் சிறு விற்பனையாளர் வேறு மாநிலத்துக்கு அலைய வேண்டியதில்லை. இதற்கெல்லாம் அடிப்படை மெமோவில் உள்ள ஒற்றை வரி. ஆணையை நிறைவேற்றுவதில் மனசாட்சியை ஒதுக்கி வைக்கச் சொன்ன சட்டம், காரணத்தை எழுதும்போது அந்த மனசாட்சியை முழுதாகக் கேட்கிறது. வாடிக்கையாளருக்குக் கீழ்ப்படியலாம், அவருக்காகப் பொய் சொல்லக் கூடாது. 'கையெழுத்து ஒத்துப்போகவில்லை' என்று மெமோவில் போடச் சொல்லிக் கேட்கும் பழைய வாடிக்கையாளர்களை அறியாத கிளை மேலாளர் இருக்க மாட்டார்.

வங்கி நிறுத்தும் ஆணையைக் கவனிக்காமல் பணம் கொடுத்துவிட்டால் வழக்கு இன்னொரு திருப்பம் எடுக்கிறது. 1979இல் லண்டனில் தீர்ப்பான பார்க்ளேஸ், சிம்ஸ் வழக்கில், ஒரு வீட்டுவசதிச் சங்கம் கட்டட ஒப்பந்ததாரருக்குக் காசோலை கொடுத்தது. ஒப்பந்ததாரர் நிறுவனம் கடன்கொடுத்தோரின் பொறுப்பாளர் கைக்குப் போனதும் சங்கம் அதை நிறுத்தியது. வங்கி கவனிக்காமல் கொடுத்துவிட்டது. தவறுதலாகக் கொடுத்த பணத்தைப் பெறுநரிடமிருந்து வங்கி திரும்பப் பெறலாம் என்று நீதிபதி ராபர்ட் காஃப் தீர்ப்பளித்தார். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 72ஆம் பிரிவும் தவறுதலாகப் பெற்றதைத் திருப்பித் தரச் சொல்கிறது. அறத்தின் பக்கமிருந்து பார்த்தால் இது கடினமான இடம். பெறுநருக்கு அந்தப் பணம் உண்மையிலேயே உரியதாக இருக்கலாம். நியாயமான பணம் நியாயமான கைக்குத்தான் போயிருக்கிறது, ஆனால் போன வழி தவறு. சரியான கடனைத் தவறான அதிகாரத்தோடு அடைத்த வங்கி வாடிக்கையாளர் கணக்கில் கைவைக்கலாமா? வாடிக்கையாளரின் உண்மையான கடன் அடைந்த அளவுக்கு வங்கிக்கு ஈடு தரலாம் என்ற சமநீதி வாதத்தை 1920களில் ஒரு லிவர்பூல் நிறுவனத்தின் வழக்கு ஏற்றது. ஆனால் அதைத் தாராளமாக விரித்தால் நிறுத்தும் உரிமை வெறும் எழுத்தாகிவிடும். கடன் இருந்தது என்று சொல்லி ஒவ்வொரு வங்கியும் தப்பிக்கும். வாடிக்கையாளரின் கடனை விசாரிக்க வங்கிக்கு உரிமை இல்லை என்று சொல்லிவிட்டு, தவறு செய்தபின் மட்டும் அந்த விசாரணையை அனுமதிப்பது முரண்.

டிமாண்ட் டிராஃப்டும் வங்கியே எழுதும் பேங்கர்ஸ் செக்கும் இந்தக் கதைக்கு வெளியே நிற்கின்றன. அங்கே வாக்கு வாடிக்கையாளருடையது அல்ல, வங்கியினுடையது. பெறுநர் கைக்குப் போன பின் வாங்கியவர் நிறுத்தச் சொன்னாலும் வங்கி நிறுத்தக் கூடாது. தன் சொல்லைத் தானே காக்க வேண்டும்.

வாக்கை முறிப்பது எப்போதாவது அறமாகுமா என்ற கேள்வியைச் சட்டம் தொடாது. ஸ்ரீபெரும்புதூர் தொட்டிருக்கிறது. மரபுப்படி 1017இல் அவ்வூரில் பிறந்த இராமானுஜர், திருக்கோஷ்டியூர் நம்பியிடம் பலமுறை நடந்து இரகசியப் பொருளைப் பெற்றார். யாருக்கும் சொல்ல மாட்டேன் என்று குருவுக்கு வாக்கும் தந்தார். பெற்றதும் கோயிலில் கூடியிருந்தவர்களுக்கு அதை வெளியிட்டார். குரு கோபித்தபோது, வாக்கை மீறியதற்கு நரகம் தனக்கு, கேட்டவர்களுக்கு மோட்சம் என்றால் அதற்குச் சம்மதம் என்றார் என்பது குருபரம்பரைக் கதை. இந்தக் கதையை வாக்கை மீறுவதற்கான அனுமதியாகப் படிப்பவர்கள் அதன் பாதியைத்தான் படிக்கிறார்கள். மீறியதன் விலையைக் கேட்பதற்கு முன்பே அவர் கணக்கில் எழுதிக்கொண்டார், விலை முழுக்கத் தன் பெயரில். பலன் அவருக்கில்லை, பிறருக்கு. காசோலையை நிறுத்துபவர்களில் பெரும்பாலோர் இதற்கு நேர் எதிர்த் திசையில் நிற்கிறார்கள்: பலன் தனக்கு, விலை பெறுநருக்கு. எம்.எம்.டி.சி. தீர்ப்பு நிரூபிக்கும் பாரத்தை நிறுத்தியவர் தலையில் வைத்ததில் இந்த வேறுபாட்டின் சாயல் இருக்கிறது. நிறுத்தும் உரிமை உண்டு. ஏன் நிறுத்தினாய் என்ற கேள்விக்கு விடை சொல்லும் கடமையிலிருந்து அந்த உரிமை விடுதலை தராது.

வாடிக்கையாளர் ஒன்றும் சொல்லாமலே, பணம் கொடுக்கும் வங்கியின் கடமை நின்றுபோகும் இடங்களும் உண்டு. அவர் இறந்ததாகவோ திவாலானதாகவோ வங்கிக்குத் தெரியவந்தால், நீதிமன்றமோ வருமான வரித் துறையோ ஜிஎஸ்டி அதிகாரியோ கணக்கை முடக்கினால், காசோலை நிற்கும். இங்கே நிறுத்துவது வாடிக்கையாளரின் மனம் அல்ல, ஆகவே வாக்கு முறிந்ததா என்ற கேள்வியும் எழாது.

காசோலையின் இடத்தை மெல்ல எடுத்துக்கொள்ளும் கருவிகளில் இந்தக் கேள்வி இடம் மாறுகிறது. கடன் தவணைக்குக் கொடுக்கும் மின்னணு ஆணையை வாடிக்கையாளர் ரத்து செய்யலாம். ஆனால் பணமின்றித் திரும்பினால் 2007ஆம் ஆண்டின் பணப் பட்டுவாடா மற்றும் தீர்வு முறைகள் சட்டத்தின் 25ஆம் பிரிவு காசோலைக்கு நிகரான தண்டனையோடு காத்திருக்கிறது. யுபிஐயில் அனுப்பும் பணத்தை நிறுத்த முடியாது. ரகசிய எண்ணை அழுத்தியதும் ஆணையும் நிறைவேற்றமும் ஒரே கணத்தில் நடந்துவிடுவதால், ஒப்பந்தச் சட்டத்தின் 203ஆம் பிரிவு பேசும் இடைவெளி அங்கே இல்லை. தவறாகப் போனதைத் திரும்பப் பெற வழக்கும் புகாரும்தான் வழி. ஆகவே சரக்கைப் பார்த்துப் பரிசோதித்த பிறகே பணம் கொடுக்க விரும்பும் ஒரகடத்துப் பிரஸ் ஷாப்காரர்கள் பின்தேதிக் காசோலையை இன்னும் கைவிடாமல் வைத்திருக்கிறார்கள்.